உடைமைக்கு ஓர் எல்லை

உடைமைகளைக் குறைத்து வாழ்வதைப் பற்றிப் பேச்செழுந்தவுடனே நம் மனம் துறவியரிடம் ஓடிவிடுகிறது. மயிற்பீலியும் கமண்டலமும் சாஸ்திரச் சுவடியுமன்றி வேறொன்றும் வைத்துக்கொள்ளாத திகம்பர முனிவரையும், மூன்று சீவரங்கள், பிக்ஷா பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டும் துணி ஆகிய எட்டோடு திருப்தியடைந்த பௌத்த பிக்ஷுவையும் நினைந்து கைகூப்பிவிட்டு, பிள்ளைகளின் படிப்பும் பெண்ணின் கல்யாணமும் தலைமேல் இருக்கும் சம்சாரிகளாகிய நமக்கு இவையெல்லாம் ஆகா என்று தீர்மானித்து, பழையபடியே நம் பீரோக்களை நிரப்பத் தொடங்குகிறோம். அந்தக் கைகூப்புதலில் பக்தி பாதி, தப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியம் பாதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜைன ஆசாரியர்கள் இந்தத் தப்பித்தலுக்கு இடம் வைக்கவில்லை. முனிவருக்கு முழுத் துறவை விதித்த அவர்களே, இல்லறத்தானுக்கென்று அணுவிரதங்கள் ஐந்தை வகுத்தார்கள். அவற்றுள் ஐந்தாவது, பொருளை அடியோடு விடுவதன்று, அதற்கு ஓர் அளவு குறித்துக்கொள்வது. சமந்தபத்திரர் இயற்றிய ரத்னகரண்ட சிராவகாசாரம் இதை விளக்குகிறது. அந்நூலைத் தழுவியே தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், பாத்திரம் முதலியவற்றில் எனக்கு இவ்வளவு போதும் என்று இல்லறத்தான் தானே எல்லை குறித்து, அதற்கு அப்பால் ஆசைப்படுவதில்லை என்று விரதம் பூணுகிறான். இச்சைக்கு அளவு கட்டுதல் என்றும் இவ்விரதத்தை அந்நூல் அழைக்கிறது.

இதன் நுட்பத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாம் 'குறைத்தல்' என்று சொல்வது, சேர்ந்துவிட்ட பொருள்களில் வேண்டாதவற்றைக் கழிப்பதையே; பழஞ்சேலைகளையும் ஓட்டைப் பாத்திரங்களையும் ஏழைகளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, காலியான அலமாரியில் புதியன வாங்கி அடுக்கினால், அதில் வளர்ந்தது அலமாரியேயன்றி ஆத்மா அன்று. அளவு குறிக்கும் விரதமோ, கையில் இருப்பதைக் காட்டிலும் இனி வரப்போவதையே கட்டுப்படுத்துகிறது. வியாபாரம் செழித்து, மழை பொய்க்காமல் பெய்து, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பொருள் வந்து வாயிலில் நிற்கும் நாளில்தான் அதன் சோதனை தொடங்குகிறது. அன்று மிகுந்தது உணவாகவும் மருந்தாகவும் சாஸ்திரமாகவும் அபயமாகவும் பிறரை நாடிச் செல்ல, தானம் என்ற பெருங்கதவை மரபு முன்பே திறந்து வைத்திருக்கிறது.

இவ்விரதத்துக்கு நேரும் குற்றங்களாகச் சமந்தபத்திரர் ஐந்து சொல்கிறார். அளவுக்கு மீறிச் சேகரித்தலும் லோபமும் யாரும் எதிர்பார்ப்பவையே. ஆனால் பிராணிகளை அவற்றின் சக்திக்கு மேல் ஓட்டுதலும், மிகுபாரம் ஏற்றுதலும், பிறருடைய செல்வத்தைக் கண்டு வியந்து மனம் கலங்குதலும் அதே வரிசையில் நிற்பதைக் காணும்போதுதான், அவர் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார் என்பது புலனாகிறது. வண்டிமாட்டின் முதுகில் ஏறிய அதிகப்படியான மூட்டை, எசமானனின் மனத்திலுள்ள ஆசையின் எடையே அல்லவா? இரண்டு வேட்டிகளோடு வாழ்பவனும், அடுத்த வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டால், அந்தக் கணத்தில் விரதம் பிழைத்தவனாகிறான். வறுமைக்கு இங்கே புண்ணியம் எதுவும் கிடையாது.

நம் காலத்தில், உடைமையில் பற்று வையாமையாகிய அபரிக்கிரகத்தைத் தீவிரமாகக் கைக்கொண்டவர் காந்தியடிகள். 1901-இல் அவர் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, நேட்டால் இந்தியர்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். 50 கினி மதிப்புள்ள ஒரு தங்க அட்டிகை அவர் மனைவி கஸ்தூரிபாய்க்கென்றே அளிக்கப்பட்டது. இரவெல்லாம் உறங்காமல் உலாவிய காந்தியடிகள், அனைத்தையும் சமூகத்துக்கே தர்மசொத்தாக்கப் பத்திரம் எழுதத் தீர்மானித்து, முதலில் பிள்ளைகளைச் சம்மதிக்கவைத்து, அதன் பின்னரே மனைவியை அணுகினார். கஸ்தூரிபாய் அழுதார், தமக்கு வேண்டாவிடினும் வரப்போகும் மருமக்களுக்கு வேண்டாவா என்றும், இரவும் பகலும் தாம் உழைத்தது சேவை ஆகாதா என்றும் கேட்டார். அடிகள் எப்படியோ அவருடைய சம்மதத்தைப் பெற்றார். நகைகள் பாங்கிக்குப் போயின.

இந்நிகழ்ச்சியை ஒளிக்காமல் தம் சுயசரிதையில் எழுதிய காந்தியடிகளின் சத்தியத்தை நான் வணங்குகிறேன். பொதுத்தொண்டன் விலையுயர்ந்த பரிசுகளை ஏற்கலாகாது என்ற அவருடைய கொள்கையும் எனக்கு உடன்பாடே. எனினும் அம்மையாரின் கேள்வி விடை பெறாமலே நிற்கிறது என்றுதான் கருதுகிறேன். சமந்தபத்திரர் விதித்த விரதம் ஒருவன் தனக்குத் தானே குறித்துக்கொள்ளும் எல்லை. மனைவிக்கும் மக்களுக்கும் அவன் குறித்துக் கொடுக்கும் எல்லையாக அதை அவர் வகுக்கவில்லை. காலம் செல்லச் செல்ல அச்செயலின் நியாயத்தைக் கஸ்தூரிபாயும் கண்டுகொண்டார் என்று காந்தியடிகள் எழுதுகிறார். அதுவும் கணவர் எழுதிய வாக்கியமே.

ஆகையால், இவ்வருஷம் உடைமைக்கு அளவு குறிக்க எண்ணும் வாசகர், தம் சம்பளம் உயர்வதற்கு முன்னரே அதைக் குறித்துக்கொள்ளட்டும். தம்முடைய பெட்டியிலிருந்தே தொடங்கட்டும். வீட்டிலுள்ள மற்றவர்களின் பெட்டிகளை அவர் திறக்க வேண்டியதில்லை.