துருப்பிடித்த தகரமும் வினைக்கணக்கும்

மழையால் ஒரு கேடு வந்தால் யாரைக் கேட்பது என்பது பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இங்கே பருத்தியும் சோளமும் விளைகின்றன. அதே மழைதான் சுவரையும் சாய்க்கிறது. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஓட்டு வீட்டின் இறவாரத்தில் ஓடும் தகரத் தூம்பு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால், கூரைத் தண்ணீரெல்லாம் சுவரோரம் ஒரே இடத்தில் கொட்டும். அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் ஊறி எழும்பும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். விரிசல் அங்கே தொடங்குகிறது. அந்தச் சுவர் ஒருநாள் பக்கத்து வீட்டார் மேல் விழுந்தால், விழ வைத்தது மழையா, தகரத்தை மாற்றாமல் விட்டவரா? ‘மழை பெய்ததற்கு நான் என்ன செய்ய?’ என்பது சட்டென்று வரும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மழையை யாரும் பெய்விக்கவில்லை. ஆனால் பெய்த நீர் எப்படிப் போகும் என்பது எப்போதும் யாரோ ஒருவர் கவனிக்க வேண்டிய காரியம், அந்தக் கடமை மழைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது என் கட்சி.

இதை எடைபோட அரியலூரிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. மருதையாறு பச்சைமலையில் தொடங்கி, பெரம்பலூர்ச் சீமையின் நீரைத் திரட்டிக்கொண்டு, அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறுதான். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், பெருமழை வெள்ளத்தால் பலமிழந்திருந்த மருதையாற்றுப் பாலத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் ரயில் விபத்துக்குப் பின் அவர் கொடுத்த விலகலை நேரு ஏற்கவில்லை, இம்முறை ஏற்றார். அப்போது நேரு சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது: விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக அல்ல, அரசியல் மரபுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காக. குற்றம் செய்யாதவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை நாடு அன்று ஒப்புக்கொண்டது.

சாஸ்திரியின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் சொல்லிச் சொல்லி ஒரு பிழையான பாடத்தையும் சேர்த்தே படித்துவிட்டோம். பொறுப்பு என்றால் நடந்த பிறகு தலைகுனிந்து நிற்பது என்று நினைக்கிறோம். விலகல் கடிதம் எத்தனை உயர்ந்ததானாலும் ஒரு தூணைக்கூடத் தாங்காது. தண்டவாளத்தை நடந்தே பார்த்து, அடிமானத்தில் மண் அரித்திருப்பதைக் கண்டு, ரயிலை நிறுத்தச் சொல்லும் கேங்மேனின் வேலைதான் பொறுப்பின் முதல் வடிவம். மற்றதெல்லாம் அது தவறிய பின் மிஞ்சுவது. புரட்டாசியிலேயே ஏணி போட்டு ஏறி, இற்றுப்போன தகரத்தைக் கழற்றி, புதுக் கிளாம்பு அடிப்பவரும் அந்த வகையில் சேர்ந்தவர்தான். நடக்காத விபத்துக்கு நினைவு நாள் கிடையாது என்பதால் அவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை.

இதற்கு நம் மரபிலிருந்தே ஒரு மறுப்பு எழும். யாருக்கு என்ன நேர வேண்டுமோ அது அவரவர் வினைப்படி நேர்கிறது. தகரம் வெறும் சாக்கு என்பார்கள். சைவ சித்தாந்தத்தைச் சரியாகப் படித்தால் இந்தச் சமாதானம் நிற்காது. அது வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இப்போது புதிதாக ஏறுவது ஆகாமியம். சுவர் விழுந்து அடிபட்டது பக்கத்து வீட்டாரின் பிராரத்தமாகவே இருக்கட்டும். அதற்கு வழிசெய்த என் அலட்சியம் என் ஆகாமியம் அல்லவா? அவர் கணக்கில் கழிந்தது என் கணக்கில் ஏறுகிறது. வினைக்கோட்பாடு துன்பப்படுபவனுக்கு ஆறுதல் தரலாம். துன்பத்துக்கு வழிவிட்டவனுக்கு அது ரசீது எழுதித் தராது. ஊழைப் பிறர் விஷயத்தில் மட்டும் பேசி, தன் விஷயத்தில் முயற்சியைப் பேசுவது நம்மிடம் பரவலாக உள்ள ஒரு சாமர்த்தியம்.

அளவுக்கு மீறிய மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்பது அடுத்த மறுப்பு, இது நியாயமானது. 1868-ல் இங்கிலாந்தில், நீர்த்தேக்கம் கட்டியவர் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் அதிலிருந்து பாய்ந்த நீரின் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. அதைக் காட்டித்தான் மதராஸ் ரயில்வே கம்பெனி, ஏரி உடைந்து தன் பாதை சேதமானதற்குக் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரிடம் இழப்பீடு கேட்டது. அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1874-ல் அதை ஏற்கவில்லை. ஏரிகள் தொன்றுதொட்டு மக்கள் பிழைப்புக்காக இருப்பவை. அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. அதில் அவர் தவறியதாகக் காட்டப்படாதபோது பழி இல்லை என்றது. நம் ஊருக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது தீர்ப்புதான். அது மழையைக் குற்றவாளியாக்கி மனிதரை விட்டுவிடவில்லை. பராமரித்தாயா என்று மட்டும் கேட்கிறது. வாராத புயலுக்கெல்லாம் யாரும் தகரம் அடிக்க முடியாது. ஆண்டுதோறும் வரும் கார்த்திகை மழைக்கு அடிக்கலாம்.

பழையதை அப்படியே வைத்திருப்பதே மரியாதை என்போரும் உண்டு. லப்பைக்குடிகாடு போன்ற ஊர்களில் பலருக்கும் தெரிந்த ஓர் இஸ்லாமிய மரபுச் செய்தி இங்கே உதவும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போன கலீபா உமர் மேல், நபிகளின் சிறிய தந்தை அப்பாஸ் வீட்டுக் கூரைத் தூம்பிலிருந்து அசுத்த நீர் கொட்டியது. அதைப் பிடுங்கச் சொன்னார். அந்த இடத்தில் வைத்தது நபிகளே என்று அப்பாஸ் சொன்னதும், தன் முதுகில் ஏறி நின்று திரும்ப அதே இடத்தில் பொருத்தும்படி உமர் கேட்டுக்கொண்டார். என் வாதத்துக்கு இது எதிரான சாட்சிபோலத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுத் தூம்பு தெருவில் போகிறவர் மேல் என்ன கொட்டுகிறது என்பது ஆட்சியாளர் விசாரிக்க வேண்டிய விஷயம் என்பதை இருவருமே மறுக்கவில்லை. உமர் திருத்திக்கொண்டது கேளாமல் பிடுங்கிய அவசரத்தை. புனிதமான இடம் என்பதற்காகத் துரு பிடித்து ஒழுகவிடலாம் என்று அந்தச் செய்தி எங்கும் சொல்லவில்லை.

காசு இல்லாதவரிடம் இதையெல்லாம் பேசுவது கொடுமை என்பதுதான் எனக்குக் கடினமான மறுப்பு. கூலிக்குப் போகும் குடும்பத்துக்குப் புதுத் தகரமும் கொத்தனார் கூலியும் ஒரு மாத அரிசிச் செலவைத் தின்றுவிடும். பொறுப்பு இயலும் அளவைப் பொறுத்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் பொறுப்பு மறைந்துவிடாது; இயன்றவர் பக்கம் நகர்கிறது. வாடகை வாங்குபவர், தெருவைப் பொதுவில் பார்க்கும் ஊராட்சி, வாய்க்கால் தூர்வாரும் துறை என்று அது போகும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அரசு அதட்டியதில் வீட்டுக்கு வீடு குழாய் ஏறியது. அதன் பிறகு இலையும் மண்ணும் அடைத்த குழாயை அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. இயன்றவர்கள்கூடப் புதுக் குழாயின் வாயைத் தங்கள் சுவரிலிருந்து திருப்பிப் பக்கத்து மனையைப் பார்த்து வைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பெரம்பலூரில் இறங்கும் நீர் அரியலூருக்குத்தான் போகிறது. ஆகவே தகரம் மாற்றும்போது கொத்தனாரிடம் கேட்க வேண்டியது, ஒழுகாதா என்பதை மட்டும் அல்ல. இந்தத் தண்ணீர் கடைசியில் யார் வாசலில் போய் நிற்கும் என்பதையும்தான்.