கணினிக்குள் இருக்கும் அமானிதம்



ஒரு மருத்துவமனையின் கணினிக்குள் திருடர்கள் புகுந்து நோயாளிகளின் விவரங்களை அள்ளிச் சென்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருடியவன் பாவி, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பறிகொடுத்த நிர்வாகம், "நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தானே" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

ஃபிக்ஹ் நூல்களில் 'வதீஆ' என்றொரு பாடம் உண்டு. பாதுகாக்கச் சொல்லி ஒருவர் கொடுத்த பொருள், நம் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்தால் நாம் ஈடு கட்ட வேண்டியதில்லை. தகுந்த இடத்தில் வைக்காமல் விட்டாலோ, அனுமதியின்றிப் பயன்படுத்தினாலோ பொறுப்பு நம் தலையில் விழும். அந்தத் தகுந்த இடத்துக்கு 'ஹிர்ஸ்' என்று பெயர். ஆட்டுக்குப் பட்டி, தங்கத்துக்குப் பூட்டிய பெட்டி. தங்கத்தைப் பட்டியில் போட்டுவிட்டு "திருடன் வந்துவிட்டான்" என்று அழுதால் எந்த காஜியும் ஏற்கமாட்டார்.

இப்போது உங்கள் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். எல்லா ஊழியருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டரில் ஒட்டிய துண்டுச் சீட்டில்! வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமானவரின் லாகின் இன்னும் திறக்கிறது. வாடிக்கையாளரின் ஆதார் நகல் யார் யார் வாட்ஸ்அப்பிலோ கிடக்கிறது. (சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவரின் விண்ணப்பப் படிவம் இருந்த காலம் இதைவிடப் பரவாயில்லை, அது ஒருவர் கைக்குத்தான் போனது.)

இந்திய நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களை வாங்கி வைப்பவருக்கு 'டேட்டா ஃபிடூஷியரி' என்று பெயர் வைத்திருக்கிறது. சொந்தக்காரர் அல்ல, நம்பி ஒப்படைக்கப்பட்டவர். நம் பேச்சில், அமானிதக்காரர். தகுந்த பாதுகாப்பு செய்யாமல் விவரம் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் அந்தப் பணம் போவது அரசுக் கருவூலத்துக்கு. விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு அல்ல. அபராதம் கட்டியவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தால், 'ஹக்குல் இபாத்' அப்படியே நிற்கிறது. அந்த மனிதருக்கு நாம் பட்ட கடன் அது.

ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள், தம்மை எதிர்த்த மக்காவாசிகளின் அமானிதங்களையும் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றது உங்களுக்குத் தெரியும். தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் நம் கை காலியாகிவிடும். விவரம் அப்படியல்ல, கொடுத்த பிறகும் நகல் நம்மிடமே இருக்கும். எனவே இங்கே திருப்பிக் கொடுப்பது என்றால் அழிப்பதுதான். தேவை முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. வேலைக்குத் தேர்வாகாத பிள்ளையின் சான்றிதழ்களை "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏன் வைத்திருக்கிறோம்?

கசிந்துவிட்டால் உரியவரிடம் உடனே சொல்ல வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் மூடி மறைக்கும் அந்த நாட்களில்தான் அவருக்கு ஒரு போன் வருகிறது. பேசுபவன் அவருடைய பெயர், மருத்துவர், சிகிச்சைத் தேதி எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறான். மருத்துவமனையிலிருந்துதான் பேசுகிறார்கள் என்று நம்பி, அவர் ஓடிபி எண்ணைச் சொல்லிவிடுகிறார்.