எரியும் காலுக்கு யார் சாட்சி?

எங்கம்மாவுக்குக் கால் எரியும். ராத்திரியானா ரெண்டு பாதத்தையும் பக்கெட்டுத் தண்ணியில விட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். "நெருப்புல நிக்கிற மாதிரி இருக்குடா" என்று சொல்லும். புதுச்சேரித் தெருக்களை விடியுமுன் பெருக்கிய கால்கள் அவை. ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தொடவில்லை. "செருப்பில்லாம நடந்தா எரியத்தான் செய்யும்" என்றார்.

இதே ஊரில் 1873இல், சப்பாத்தோடு நீதிமன்றம் போன வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையைத் தடுத்தார்கள். பாரீஸ் வரை வழக்காடி வென்றார். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த எங்கள் பாட்டன்களின் காலுக்கு எந்த நீதிமன்றம் கூடியது?

சில வருசம் கழித்து இன்னொரு மருத்துவர் கேட்டார்: "எப்ப எரியுதும்மா? எது பட்டா அடங்குது?" உஷ்ணத்தில், நடையில் கூடும், குளிர்ச்சியில் அடங்கும். பாதத்தைக் கையில் பிடித்துச் சூடு பார்த்தார். சர்க்கரை, தொழுநோய், வைட்டமின் குறைவு எதுவுமில்லை என்று உறுதிசெய்தபின் சொன்னார்: எரித்ரோமெலால்ஜியா. அபூர்வமான நோய். 1878இல் அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் வைத்த பெயர். சில குடும்பங்களில் வலி நரம்பின் சோடியம் வாயிலை மாற்றிவிடும் மரபணுக் கோளாறே காரணம் என்று 2004இல் தெரிந்தது. பலருக்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

பெயரிலேயே சிவப்பு இருக்கிறது. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு லேசில் தெரியாது. தொட்டால்தான் சூடு தெரியும். தொட மறுக்கிறவனுக்கு இந்த நோய் பிடிபடாது.

'வருகிறவர் சொல்வதையெல்லாம் நம்ப முடியுமா, நூறு பேர் வரிசையில் நிற்கிறார்களே' என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம்புவது என்றால் தலையாட்டுவதல்ல. அடுத்த கேள்வியைக் கேட்பது. 1946இல் டாக்டர் சி. கோபாலன் ஏழைகளின் கால் எரிச்சலை அப்படித்தான் கேட்டார். பாந்தோதெனிக் அமிலம் கொடுத்துப் பார்த்து, அது சத்துக்குறைவு என்று எழுதினார். அது வேறு நோய். ஆனால் அங்கேயும் முதல் தடயம் நோயாளியின் சொல்தான்.

வலிக்கு வலிக்கிறவரே சாட்சி. ஊரோ எங்கள் சொல்லைச் சாட்சியாக எடுத்ததே இல்லை. சாதி எங்கள் தெருவை மட்டும் ஒதுக்கவில்லை; எங்கள் வாக்குமூலத்தையும் ஒதுக்கியது. அப்படியானால் நோயறிதல் அறிவின் வேலை மட்டுமா? முதலில் அது நீதியின் வேலை.

முழுசாகத் தீர்க்கும் மருந்து இல்லை. மாத்திரையில் எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினால் புண்ணாகும் என்றதால் பக்கெட்டைக் குறைத்துக்கொண்டது. அன்று வீடு திரும்பும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்:

"இதுக்குப் பேரு இருக்கா? அப்ப நான் பொய் சொல்லலதானே?"