அவையும் அச்சமும்

வள்ளுவர் ‘அவையறிதல்’ அதிகாரத்தை 72ஆவதாகவும், ‘அவையஞ்சாமை’யை 73ஆவதாகவும் வைத்தார். அறிந்த பின்னரே அஞ்சாமை என்பது அவ்வைப்பு முறையின் குறிப்புப் போலும்.

1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சமயப் பேரவையில் விவேகானந்தர் தம் முறையைத் தள்ளிக்கொண்டே போனார். நெஞ்சு படபடத்தது, நா வறண்டது என்று சென்னை அளசிங்கப் பெருமாளுக்கு அவரே எழுதினார். எழுதிய உரை கையில் இல்லை. ஆயினும் ஆயத்தமின்றிச் சென்றாரல்லர். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே செகந்தராபாத்தில் பொதுமேடை ஏறியிருந்தார். அதற்கு முன் குமரி வரை பயணம் செய்து கண்டவரோடெல்லாம் உரையாடியிருந்தார்.

ஆரியங்கோட்டுப் பக்கம் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் மலையாளமே பயில்கின்றனர். சங்க மேடைக்கென எவரோ எழுதிய தமிழுரையை மலையாள எழுத்தில் பெயர்த்து மனப்பாடம் செய்கின்றனர். அதனை நடுங்காது ஒப்பித்தல் துணிவாகுமா? யான் அங்ஙனம் கொள்ளேன். பாட்டியிடம் ஒரு செய்தியைத் தமிழில் விளக்கிப் பழகிய பிள்ளை, மேடையில் தடுமாறினும் தன் சொல்லையே சொல்லும். கைதட்டல் குறையலாம், குறையட்டுமே!