பழக்கமும் விரதமும்

புலால் உண்ணாமை நமக்குப் பிறப்பிலேயே வாய்த்த பேறு என்று நாம் பெருமிதம் கொள்கிறோம். அன்னை ஊட்டிய முதற்கவளம் தொட்டு நம் இல்லங்களில் ஊன் புகுந்ததில்லை. ஆயினும் இவ்வொழுக்கம் விரதமா, வெறும் பழக்கமா என்று நம்மை நாமே வினவிக்கொண்டதுண்டா? கடல்வாழ் உயிர் ஒன்றின் வரலாறு இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

ஓங்கில் குடும்பத்தில் மிகப் பெரியது ஓர்க்கா. மக்கள் இதனைக் 'கொலைகாரத் திமிங்கலம்' என்கின்றனர். திறந்த கடலில் இது மனிதனைக் கொன்றதாக உறுதியான சான்று ஏதுமில்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

ஐம்பொறிகளோடு மனமும் வாய்த்த உயிர் இது என்பதற்கு இதன் வாழ்க்கையே சான்று. கனடாவின் வான்கூவர் தீவைச் சூழ்ந்த கடலில், மீனுண்ணும் ஓர்க்காக்களிடையே மகனும் மகளும் வாழ்நாள் முழுதும் தாயைப் பிரிவதில்லை. மீன் அருகிய காலத்தில் மூத்த தாய்மாரே கூட்டத்தை முன்நடத்துகின்றனர். 2018ஆம் ஆண்டு, பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்துபோன கன்றை ஒரு தாய் 17 நாட்கள் சுமந்து திரிந்ததை உலகம் கண்டு கலங்கியது.

அதே கடலில் மற்றொரு வகை ஓர்க்காக்களும் உண்டு. அவை மீனை நாடுவதில்லை. கடல்நாய், கடற்சிங்கம் முதலிய பாலூட்டிகளையே வேட்டையாடுகின்றன. இவ்விரு வகையும் தம்முள் கலந்து இனம் பெருக்குவதில்லை. எதனை உண்பது என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூட்டத்திடமும் கற்கிறது. மைக்கேல் பிக் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளால் இவ்வேறுபாடு தெளிவாயிற்று.

அதற்கு முன்னர், 1970 மார்ச்சில், அத்தீவின் தென்முனையிலுள்ள பெடர் விரிகுடாவில் ஐந்து ஓர்க்காக்களைக் காட்சிக்கு வைப்பதற்காக வலையிட்டு அடைத்தனர். இரண்டு காட்சிசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டன. எஞ்சிய மூன்றும் இட்ட மீனைத் தொடவில்லை. அவை பாலூட்டிகளை உண்பவை என்பதை அன்று எவரும் அறியார். ஏறத்தாழ 75 நாட்கள் பட்டினி கிடந்து ஒன்று மாண்டது. அதன் பின்னரே மற்ற இரண்டும் மீன் உண்ணலாயின. சில மாதங்கள் கழித்து எவரோ வலையைத் தாழ்த்திவிட, அவை தப்பிச் சென்றன. பின்னாளில், பாலூட்டிகளை வேட்டையாடும் தம் இனத்தோடு அவை காணப்பட்டன.

எழுபத்தைந்து நாட்கள் உண்ணாதிருந்தது நோன்பாகுமா? ஆகாது. மீனிடத்து இரக்கம் கொண்டு அவை மறுக்கவில்லை. மீன் உணவென்றே அவற்றிற்குத் தோன்றவில்லை. பசி முற்றியபோது பழக்கம் உடைந்தது. விடுதலை கிட்டியபோது பழைய பழக்கமே திரும்பியது.

இதனோடு பகவான் மகாவீரரின் முற்பிறவிச் சிங்கத்தை ஒப்புநோக்குவோம். சாரண முனிவர் அறவுரை கேட்டு உள்ளம் உருகிய அச்சிங்கம், ஊனன்றி வேறுணவு தனக்கு இல்லை என்ற நிலையிலும் ஊனைத் துறந்து, நோன்பிருந்து உயிர்நீத்துத் தேவகதி எய்தியது. அதுவும் விலங்குகதியில் பிறந்த உயிரே. ஓர்க்காவும் சிங்கமும் பட்டினி கிடந்தன. ஒன்றைத் தடுத்தது பழக்கம், மற்றொன்றைத் தாங்கியது நற்காட்சி.

நாம் இவ்விரண்டில் எதன் பக்கம் நிற்கிறோம்? "ஏன் நாம் ஊன் உண்பதில்லை?" என்று குழந்தை கேட்டால், "அது நம் வழக்கம்" என்று கூறி முடித்துவிடுகிறோம். அக்குழந்தை வளர்ந்து விடுதியிலும் அயல்நாட்டிலும் தனித்து வாழும் நாளில், வழக்கம் மட்டுமே துணையென்றால் அது எத்தனை நாள் நிற்கும்? மேலும், பழக்கம் நம் உண்கலத்தை மட்டுமே காக்கும். சினத்தாலும் சொல்லாலும் பிற உயிரை வருத்தும்போது அது வாளாவிருக்கும். அங்கும் நம்மைத் தடுப்பது விரதமே.

இதனால் பழக்கத்தை நாம் இகழவில்லை. பழக்கம் நாற்றங்கால், விரதம் நடவு வயல். நாற்று நாற்றங்காலிலேயே நின்றுவிட்டால் விளைச்சல் இல்லை. கன்றைச் சுமந்த அத்தாயின் துயரும் நம் துயரும் வேறல்ல, வலையில் துடிக்கும் மீனின் வலியும் வலியே என்னும் உண்மையை உணர்த்தி, நம் மக்களுக்குக் கொல்லாமையைக் கற்பிப்போமாக. அறிந்து ஏற்கும் அந்நாளில்தான், அன்னை தந்த பழக்கம் நமக்கு அணுவிரதமாக மலரும்.

அறம் வளர்க!