என்னத்த யோசிக்கிய?

போன ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு குடும்பக் கூட்டம். பெரியப்பா, அப்பா, அத்தை, சித்தப்பா நாலு பேரும் பட்டாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் தார்சாவில். பாட்டி காலமானதிலிருந்து பூட்டியே கிடக்கிற வீடு அது. பின்கட்டில் ஓடு சரிந்துவிட்டது. அங்கணத்துச் சுவரில் ஆலங்கன்று ஒன்று வேர் விட்டு நிற்கிறது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா, வேண்டாமா? பேச வேண்டியது அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு போன பொங்கலுக்கே வந்துவிட்டது. பெரியப்பா, "யோசிப்போம்" என்றார். கோயில் கொடைக்குக் கூடியபோது அப்பா, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். போனில் எப்போது கேட்டாலும் சித்தப்பா, "யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்பார். அத்தையின் பதிலும் அதுதான். வீட்டைக் கேட்டவர் இத்தனை நாளும் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பதில் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அதனால்தான் இந்தக் கூட்டம்.

அன்றைக்கும் அதே பல்லவிதான். "யோசிக்கணும்லா" என்றார் பெரியப்பா. "ஆமா, யோசிக்காமச் செய்யக் கூடாது" என்றார் அப்பா. காப்பி வந்தது. ஒரு வாய் குடித்ததும் அத்தைக்குப் புரையேறியது. சித்தப்பா அத்தையின் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்காவ" என்றார். "என்னைய யாரு நெனைக்கப் போறா, அம்மாவத் தவிர?" என்றார் அத்தை. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு ஆச்சி வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். பெரியப்பாவையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை உள்ளவர். நடைப்படியில் உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏய்யா, வந்ததுலேருந்து பாக்கேன். ஆளாளுக்கு யோசிக்கேன், யோசிக்கேன்னு சொல்லுதிய. என்னத்தத்தான் யோசிக்கிய? அதச் சொல்லுங்களேன்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆச்சி விடவில்லை. அத்தையைப் பார்த்து, "மொதல்ல நீ சொல்லும்மா" என்றார்.

அத்தை அரங்குவீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "எம் மூத்தவன அங்கதான் பெத்தேன். அம்மா அந்த அடுப்புலதான் லேகியம் கிண்டிக் குடுத்தா. வீடுன்னு சொன்னாலே எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள வருது. வெல என்ன, யாரு கேக்கா, அதெல்லாம் நான் ஒண்ணும் யோசிக்கல."

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பு நைந்து கிழிகிற நிலையில் இருந்தது. இடத்தின் மதிப்பு, நாலு பங்கு, வீட்டு வரி பாக்கி, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கம் பார்க்கிற செலவு, விற்காமல் ஓடு மாற்றினால் ஆகும் செலவு எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. "கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு செலவு தட்டுப்படுது" என்றார்.

அப்பாவின் முறை வந்தது. "எனக்கு ஆரம்பத்துலேருந்தே குடுத்துரலாம்னுதான் படுது. அண்ணன் என்ன நெனப்பாவளோன்னு வாயத் தொறக்கல."

கடைசியில் பெரியப்பா. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பா கெட்டுன வீட்ட மூத்தவன் நின்னு வித்துட்டான்னு ஊரு சொல்லும்லா. படுத்தா அதுதான் வந்து நிக்குது. தூக்கம் பிடிக்கல" என்றார்.

பொங்கலிலிருந்து இந்த நாலு பேரும் சொன்னது ஒரே சொல். அத்தை செய்துகொண்டிருந்தது நினைப்பது. சித்தப்பா செய்தது எண்ணுவது. அப்பா முடிவையே கருத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்தார். பெரியப்பாவுக்கு இருந்தது கவலை. உண்மையில் அந்த வீட்டை விற்பதா வேண்டாமா என்று நாலு பேரும் சேர்ந்து ஆராய்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் ஆச்சி கேட்ட பிறகுதான்.

அதற்கப்புறம் நடந்த பேச்சே வேறு. "ஊருக்குப் பதில் நான் சொல்லிக்கிடுதேன், நீங்க அதப் போட்டு மனசுல உழப்பாதீங்க" என்று அப்பா பெரியப்பாவிடம் சொன்னார். சித்தப்பா தாளைச் சத்தமாகப் படித்தார். வரி பாக்கி என்று அவர் எழுதியிருந்ததை அத்தை எப்போதோ கட்டியிருந்தார். ரசீதுகூட அவரிடம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அத்தையே, "இந்த ஐப்பசி மழைக்குப் பின்கட்டு தாங்காது. இடிஞ்சு விழுறதப் பாக்க என்னால ஆகாது. குடுத்துருவோம்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் பெரியப்பா போனை எடுத்து, சம்மதம் என்று சொல்லிவிட்டார்.

நேயர்களே, தமிழில் மனம் செய்கிற வேலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. 'நினைப்பது' பெரும்பாலும் அன்போடு சேர்ந்தது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் சொல்வது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. தும்மல் வருவதுபோல் வந்து அடங்கிவிட்டதே, அவர் என்னை நினைக்க வந்து நினைக்காமல் விட்டாரோ என்று ஏங்குகிற ஒரு பெண்ணை, திருக்குறளில் 'நினைந்தவர் புலம்பல்' என்ற அதிகாரத்தில் பார்க்கலாம். 'எண்' என்றால் கணக்கு. அதனால் 'எண்ணுவது' ஒன்று, இரண்டு என்று அடுக்கிப் பார்க்கிற வேலை. அதுவே 'எண்ணம்' ஆகும்போது நோக்கத்தையும் குறிக்கும். "அவன் எண்ணம் சரியில்லை" என்கிறோமே, அது. 'கருத்து' மனம் ஒரு பக்கம் நின்றுவிட்டதைச் சொல்கிறது. 'யோசனை' எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல். "நல்ல யோசனை" என்றால் வழி பிறந்துவிட்டது என்று அர்த்தம். "யோசனையா இருக்கு" என்றால் தயக்கம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் பல சமயம் 'முடியாது' என்பதன் மரியாதையான வடிவம்.

'சூழ்ச்சி' என்ற சொல்லைப் பாருங்கள். இன்று அதற்குச் சதி என்றுதான் பொருள். குறளில் அது நல்ல சொல். ஒரு காரியத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்துக் கலந்து ஆலோசிப்பது. 'தெரிந்து செயல்வகை' தொடங்கி வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47-லிருந்து 50 வரை நாலு அதிகாரங்களை வள்ளுவர் இதற்காகவே வைத்திருக்கிறார். அதில் முதல் குறளே செலவையும் வரவையும் அதன்பின் நிற்கும் மிச்சத்தையும் பார்க்கச் சொல்கிறது. சித்தப்பாவின் தாளுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் வள்ளுவர் அதோடு விடவில்லை. 'வினைசெயல்வகை' அதிகாரத்தின் முதல் குறளில், 671-ஆவது குறளில், ஆலோசனையின் முடிவு ஒரு துணிவுக்கு வருவதுதான் என்கிறார். துணிந்த பிறகு அதைத் தாமதத்தில் கிடத்துவது தீது என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

என் நம்பிக்கையும் அதுதான். முடிவுக்கு வராத யோசனைக்கு யோசனை என்ற பெயர் பொருந்தாது. அது ஏக்கமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், சொல்லத் தைரியமில்லாத ஒரு முடிவாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதன் சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் கை கொடுக்க முடியும். கவலைக்கு ஆறுதல் சொல்லலாம், கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் "யோசிக்கிறேன்" என்று மூடி வைத்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் கொஞ்சம் கடிந்தே சொல்கிறேன். நாம் "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மறுபக்கம் ஒருவர் காத்திருக்கிறார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சொல்லப்போகும் பதிலுக்காக ஒரு குடும்பமே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலை கேட்டு வந்த பையன் போனைக் கையிலேயே வைத்திருக்கிறான். என்ன படிக்கட்டும் என்று கேட்ட பிள்ளைக்கு விண்ணப்பத் தேதி முடியப் போகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் அடுத்த வழியைப் பார்ப்பார்கள். பதிலுக்குக் காத்திருப்பவரின் நாட்களைச் செலவழிக்க நமக்கு உரிமை கிடையாது.

இன்றைக்கு உங்களிடம் யாராவது ஒரு பதில் கேட்டால், உண்மையிலேயே அவகாசம் வேண்டும் என்றால், தாராளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள், இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன தேதியில் பதிலையும் சொல்லிவிடுங்கள்.