சந்தேகம் யாருக்குச் சாதகம்?

ரமளான் நெருங்கும்போது ஆலிம்களிடம் தவறாமல் வரும் மஸ்அலா ஒன்றுண்டு. "ஹஜ்ரத், எனக்குச் சர்க்கரை வியாதி. நோன்பு வைத்தால் உடம்புக்கு ஆகாது என்கிறார் டாக்டர். நோன்பை விடலாமா?"

விடலாம். நோயாளிக்கு அருள்மறையே சலுகை தந்திருக்கிறது. தீங்கு நிச்சயம் வரும் என்று அந்த மருத்துவர் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. நம்பகமான மருத்துவர், வரக்கூடும் என்று வலுவாகக் கருதினால் போதும். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று அவர் சொன்னால் தயம்மும் செய்வதும் இப்படித்தான். இந்த வலுவான எண்ணத்தையே ஃபிக்ஹு நூலோர் 'ளன்னு ஃகாலிப்' என்பர்.

நமக்குச் சலுகை வேண்டும்போது இதை மகிழ்வோடு ஏற்கிறோம். பிறருக்குத் தீங்கு வரும் என்று அறிந்தோர் எச்சரிக்கும்போதோ, "நிரூபித்துக் காட்டு" என்கிறோம். இது நியாயமா?

நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். தேயிலையில் செஞ்சிலந்தியை ஒழிக்க டைகோஃபால் என்ற மருந்தை அடித்து வந்தார்கள். அது டி.டி.டி.யிலிருந்து தயாரிக்கப்படுவது. விவசாயத்தில் டி.டி.டி. 1989லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. டைகோஃபாலை 2019ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தன் பட்டியலில் சேர்த்தது. இவ்வகை நஞ்சுகள் எளிதில் சிதைவதில்லை. மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்கி, உணவு வழியே உடலில் புகுந்து, கொழுப்பில் சேர்ந்து விடுகின்றன. ரத்தத்தில் இத்தகைய ஆறு நஞ்சுகளின் அளவு கூடியவர்களிடம் நீரிழிவும் கூடுதலாக இருந்ததை 2006ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இன்சுலின் சரிவர வேலை செய்ய விடாமல் இவை தடுக்கக்கூடும் என்பது அறிஞர் கருத்து.

சீக்கிரம் சிதையும் மருந்துகளும் குற்றமற்றவை அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில், ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளோடு அன்றாடம் பழகும் கிராமத்தாரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. பழக்கமில்லாதவரிலோ நூற்றுக்கு 6 பேருக்குத்தான்.

"இன்னாருக்கு வந்த வியாதி என் தோட்டத்து மருந்தால்தான் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?" என்று கேட்கலாம். யாராலும் முடியாதுதான். பரம்பரை, உணவு, உழைப்பின்மை எனக் காரணங்கள் பல. ஆனால் கோர்ட்டில் நிரூபிக்க முடியாதது மறுமையிலும் மறைந்து போகுமா? பலர் சேர்ந்து சிறிது சிறிதாகச் செய்த தீங்கில் ஒவ்வொருவர் பங்கையும் அல்லாஹ் அறிவான். அடியார்களின் ஹக்கு, அவர்கள் மன்னிக்காமல் நீங்காது.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காதது ஏன் என்று வியாபாரியைக் கேட்டார்கள். நனைத்தது மழைதான், ஆனால் மறைத்தது அவர். கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் அந்த ஈரம் போன்றதே.

சந்தைக்குப் போகும் கேரட்டுக்கும் கோசுக்கும் தாராளமாக மருந்தடித்துவிட்டு, தம் வீட்டுச் சமையலுக்கு மட்டும் மருந்தடிக்காத பாத்தி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்பவர் உண்டு. அவருக்கு ஆய்வு எதற்கு? அவர் உள்ளமே தீர்ப்புச் சொல்லிவிட்டதே!

பூச்சி மருந்து முழுவதும் ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. விலை கிடைக்காமல் வாடும் சிறு விவசாயியின் கஷ்டம் தெரியாமலும் எழுதவில்லை. தடை செய்யப்பட்டதைத் தொடாதீர்கள். மருந்தடித்த பின் உரிய நாட்கள் கழியாமல் கொழுந்து பறிக்காதீர்கள். மருந்தடிக்கும் கூலியாளுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுங்கள். டப்பாவை ஓடையில் கழுவாதீர்கள். மாயாறும் பவானியும் இம்மலையிலிருந்து இறங்கிச் சமவெளி மக்களின் தாகம் தீர்க்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. சர்க்கரை வியாதி வந்தவரைப் பார்த்து, "வாயைக் கட்டவில்லை, அனுபவிக்கிறார்" என்று பேசாதீர்கள். அவர் பத்தியமும் மருந்தும் பேண வேண்டியதுதான். ஆனால் அவர் உடலில் நம் கையால் சேர்ந்தது எவ்வளவு என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

நம் கையாலும் நாவாலும் பிறர் துன்புறாத வாழ்வை அவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.